ஆரோக்கியமேரி சுற்றிய மோட்டார்

ஞாயிறு பூசை முடிந்து வந்து ஆரோக்கியமேரி மீன் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது, வாசலில் வீரராகவன் சார் ஸ்கூட்டரை நிறுத்தினார். கையில் ஒரு பை ஆப்பிள். கம்பெனி ஸ்டோர் அதிகாரி ஒரு ஃபிட்டர் வீட்டுக்கு ஆப்பிளோடு வருகிறார் என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று வேறு எந்த நாளாக இருந்தாலும் அவள் மோப்பம் பிடித்திருப்பாள். அன்று பிடிக்கவில்லை. முதல் நாள் பேப்பரில் அவள் வீட்டுக்காரன் சின்னராசுவின் படம் வந்திருந்தது. அந்தச் சந்தோஷம் அவள் மூக்கை அடைத்துவிட்டது.

‘ஒரு லிட்டர் டீசலில் முப்பத்தெட்டு கிலோமீட்டர்: கும்மிடிப்பூண்டி தொழிலாளி வீட்டிலேயே செய்த கார்’ என்று தலைப்பு. அந்தக் காரின் மோட்டாரைச் சுற்றியவள் அவள். நாற்பத்தொரு நாள் சுற்றினாள். பேப்பர்காரன் அதை எழுதவில்லை. ‘மனைவி டீ கொடுத்து உபசரித்தார்’ என்று மட்டும் எழுதியிருந்தான். அதை நினைத்து அவளுக்கு எரிச்சல்தான். ஆனாலும் அந்தப் பேப்பரை நான்காக மடித்து மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தாள்.

“கம்பெனிக்கே பெருமைப்பா சின்னராசு” என்றார் வீரராகவன். “எப்படி ஓடுதுன்னு எனக்கும் கொஞ்சம் சொல்லேன்.”

சொல்லச் சொன்னால் போதும், சின்னராசுவுக்குச் சோறு வேண்டாம். டிக்கியைத் திறந்து காட்டினான். உள்ளே கழனிக்குத் தண்ணீர் இறைக்கும் ஐந்து குதிரைச் சக்தி டீசல் எஞ்சின், அதன் கழுத்தோடு பூட்டிய பழைய வெல்டிங் ஜெனரேட்டர். எஞ்சின் சக்கரத்தை இழுப்பதில்லை. ஜெனரேட்டரைச் சுற்றும், அதோடு அதன் வேலை முடிந்தது. ஜெனரேட்டர் பின் சீட்டுக்கு அடியில் இருக்கும் எட்டு பேட்டரிகளை நிரப்பும். பேட்டரிதான் முன்னால் இருக்கும் மோட்டாரை ஓட்டும், மோட்டார் சக்கரத்தை ஓட்டும்.

“மேடு ஏறினாலும் எறங்கினாலும் எஞ்சினுக்கு ஒண்ணுமே தெரியாது சார். அது பாட்டுக்கு ஒரே சீரா ஓடிகினு இருக்கும். அதான் டீசலு கம்மியா குடிக்குது.”

“மோட்டாரையும் காட்டேன்.”

சின்னராசு பானெட்டைத் தூக்கினான். வீரராகவன் குனிந்தார். கைக்குட்டையை எடுத்து மோட்டார் முதுகில் இருந்த நேம்பிளேட்டை நன்றாகத் துடைத்தார். சட்டைப் பையிலிருந்து சின்ன டைரியை எடுத்து அதில் என்னவோ எழுதிக்கொண்டார். அப்போது சின்னராசுவின் சிரிப்பு சட்டென்று நின்றதை ஆரோக்கியமேரி பார்த்தாள். வெயில் தாங்கவில்லை போல என்று நினைத்து அவனுக்கு ஒரு சொம்பு மோர் கொண்டுபோய்க் கொடுத்தாள். வீரராகவன் டீயைக் குடித்துவிட்டு, மீன் குழம்பு வாசனை நன்றாக இருக்கிறது என்று வேறு சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை காலை ஆறரை மணி ஷிஃப்டுக்குப் போன சின்னராசு ஒன்பது மணிக்கே வீடு திரும்பினான். கையில் ஒரு காகிதம். தற்காலிக வேலை நீக்கம். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை. குற்றம், திருட்டு.

ஆரோக்கியமேரி அதை மூன்று தடவை படித்தாள். சமாசாரம் இதுதான். கம்பெனியில் சாமான் தூக்கும் பேட்டரி வண்டிகள் இருக்கின்றன. அதில் ஒன்றின் மோட்டார் எரிந்துபோக, அதைக் குப்பையென்று ஏலம் விட்டார்கள். சின்னராசு அதை எடுத்தான், கேட் பாஸும் வாங்கினான். கேட் பாஸில் அந்த மோட்டாரின் நம்பர் இருக்கிறது. ஆனால் அவன் காரில் இருக்கும் மோட்டாரின் நேம்பிளேட்டில் வேறு நம்பர். அந்த நம்பருக்குரிய மோட்டார், அவசரத்துக்கென்று ஸ்டோரில் பூட்டி வைத்திருக்க வேண்டிய நல்ல மோட்டார். வீரராகவன் ஸ்டோரைத் திறந்து பார்த்தால், அங்கே உட்கார்ந்திருப்பது கேட் பாஸில் இருக்கும் நம்பர். ஆக, குப்பையை உள்ளே வைத்துவிட்டு நல்லதை வெளியே கொண்டுபோய்விட்டான். நம்பரைப் பார்த்தவர் யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்வார்.

“இன்னாய்யா இது? நம்பரு எப்பிடி மாறிச்சி?”

“தெர்ல.”

“தெர்லன்னா? கண்ணால பாத்துகினேதான மாட்டுன?”

“தெர்லன்றேன்ல.”

அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டான். இருபத்திரண்டு வருஷமாக ஒரே கம்பெனி. ஒரு போல்ட்டைக்கூடப் பையில் போட்டுக்கொண்டு வந்ததில்லை. துருப்பிடித்த ஆணி எடுத்தாலும் கேட் பாஸ் கேட்டு வாங்குவான் என்று செக்யூரிட்டிகள் கிண்டல் செய்வார்கள். அந்த மனுஷனுக்குத் திருட்டுப் பட்டம். வேலை போவது ஒரு பக்கம் இருக்கட்டும். திருடன் என்று வெளியே தள்ளப்பட்டவனைச் சிப்காட்டில் வேறு எந்தக் கேட்டும் உள்ளே விடாது. ரெட்டம்பேடு சாலையில் தலை நிமிர்ந்து நடக்கவும் முடியாது.

ஆரோக்கியமேரியைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லிவிட வேண்டும்.

அவளுடைய அம்மாவும் அப்பாவும் யாரோ ஒருவருடைய கழனியில் கூலி வேலை செய்தவர்கள். அந்தக் கழனியெல்லாம் சிப்காட்டுக்குப் போய், அதன்மேல் ரோலிங் மில்லும் கெமிக்கல் கம்பெனியும் வந்தன. அதற்காக அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. சேற்றில் முதுகொடியக் குனிந்து நிற்பதைவிட நாற்காலியில் உட்கார்ந்து செப்புக் கம்பி சுற்றுவது எவ்வளவோ மேல் என்பது அவள் கட்சி. பதினேழு வயதில் ஆதிநாராயணனின் மோட்டார் வைண்டிங் பட்டறைக்குப் பெருக்கிக் கூட்டப் போனாள். எரிந்த மோட்டார்களிலிருந்து பழைய கம்பியை வெட்டி இழுக்கும் வேலை கொடுத்தார்கள். இரண்டாவது வருஷம், சுற்றுகிற ஆள் வராத ஒரு நாளில் தானே உட்கார்ந்து ஒரு மோட்டாரைச் சுற்றி முடித்தாள். ஆதிநாராயணன் கரண்ட் கொடுத்துப் பார்த்தார். மோட்டார் சத்தமில்லாமல் சுற்றியது. அன்றோடு துடைப்பம் போயிற்று.

அவள் எண்ணும் முறையே தனி. செபமாலை உருட்டிப் பழகிய விரல், பத்துச் சுற்றுக்கு ஒரு மணி என்று மனசுக்குள் தள்ளிக்கொண்டே போகும். நடுவில் யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள். மற்றவர்கள் ஒவ்வொரு மோட்டாருக்கும் துண்டுச் சீட்டு எழுதிக் கட்டுவார்கள், எந்தக் கம்பெனி, என்ன நம்பர், எத்தனை சுற்று என்று. ஆரோக்கியமேரிக்குச் சீட்டு கிடையாது. “எல்லாம் இங்க கீது” என்று நெற்றியைத் தட்டிக் காட்டுவாள். இருபத்து நான்கு வருஷத்தில் அவள் சுற்றிய ஒரு மோட்டாரும் திரும்பி வந்ததில்லை. மேரி கை தப்பாது என்று சிப்காட் முழுக்கப் பேச்சு. அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் அவளுக்கு உச்சி குளிரும். அதை அவள் மறைத்ததும் இல்லை.

சின்னராசு கார் செய்யப் போகிறேன் என்றபோது முதலில் வாய்க்கு வந்தபடி திட்டினாள். “ஊட்டு ஓட்ட அடைக்க ஆளில்ல, காரு செய்யறாராம் காரு” என்றாள். காயலாங்கடையிலிருந்து கார் கூட்டை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தபோது தெருவே சிரித்தது. அவனுக்கு இருந்த ஆசை ரொம்பச் சின்னது. ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கி ஷேர் ஆட்டோவில் பதினாலு பேர் தொங்கிக்கொண்டு ஷிஃப்டுக்கு வருகிற ஜனம், நாலைந்து பேராகச் சேர்ந்து பஸ் செலவில் காரில் வர வேண்டும். அவ்வளவுதான். எரிந்த மோட்டாரை ஏலத்தில் எடுத்து வந்து அவள் முன்னால் வைத்து, “இதுக்கு உன்னால உசுரு குடுக்க முடியுமா?” என்று கேட்டான். அந்தக் கேள்வியில் அவள் விழுந்துவிட்டாள். முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லையே.

செவ்வாய்க்கிழமை அவள் பட்டறைக்குப் போனாள். வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது.

வார்னிஷில் முக்கியெடுத்த மோட்டார்களைச் சூட்டடுப்பில் வைத்துக் காய வைப்பது வழக்கம். அடுப்புச் சூட்டில் நேம்பிளேட்டின் எழுத்து கருகிப் போகும் என்பதால், முதலில் பிளேட்டுகளைக் கழற்றி ஒரு கம்பியில் கோத்து ஆணியில் தொங்க விடுவார்கள். அன்று காலையும் ஆறேழு பிளேட்டுகள் தொங்கிக்கொண்டிருந்தன. காற்றுக்கு ஆடி ஒன்றோடொன்று உரசின. ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டுச் சீட்டு, இரண்டைத் தவிர. அந்த இரண்டும் அவளுடையவை.

ஆரோக்கியமேரி அந்த இரண்டையும் கையில் பிடித்து நம்பரைப் பார்த்தாள்.

மார்ச், ஏப்ரலில் அவள் சின்னராசுவின் மோட்டாரைச் சுற்றியபோது, அதே கம்பெனியின் ஸ்டோர் மோட்டாரும் ஈரம் ஏறிக் கெட்டுப்போய்ப் பட்டறைக்கு வந்திருந்தது. ஒரே மாடல், ஒரே வருஷம், ஒரே பச்சை பெயிண்ட். இரண்டையும் அவள்தான் சுற்றினாள். இரண்டும் ஒரே நாளில் அடுப்பிலிருந்து வெளியே வந்தன. பெரிய சனிக்கிழமை, ஈஸ்டருக்கு முந்தின நாள். காலையிலிருந்து உபவாசம், சாயந்திரம் கோவிலில் பாஸ்கா பூசை. மணி ஐந்தாகிவிட்டது. இரண்டு பிளேட்டையும் ஆணியிலிருந்து உருவி, நாலு நாலு ஸ்க்ரூவை முறுக்கிவிட்டு ஓடினாள். எந்தப் பிளேட்டை எதில் மாட்டினாள்? நெற்றியைத் தட்டிப் பார்த்தாள். அங்கே ஒன்றுமில்லை.

“மொதலாளி, நான்தான் மாத்தி மாட்டிட்டன் போல.”

ஆதிநாராயணன் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். ஆந்திரா பக்கத்து மனுஷர், கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும்.

“மேரி, இத்த என்னாண்ட சொல்லிட்ட, சரி. வேற யாராண்டயும் சொல்லாத. அந்தக் கம்பெனி வேலைதான் நம்ம பட்டறைல பாதி. நம்பரு மாத்தி மாட்டறானுங்கன்னு பேரு வந்துச்சின்னா பன்னெண்டு பேரு ஊட்ல அடுப்பு எரியாது.”

“அப்ப என் ஊட்டுக்காரரு?”

“அவரு வேல போனா போவட்டும். இங்க வந்து குந்தட்டும், நான் பாத்துக்கறேன். திருடன்னு சொல்றவன் ரெண்டு மாசத்துல மறந்துடுவான்.”

நல்ல மனசோடுதான் சொன்னார். பன்னிரண்டு பேரில் ஆறு பேர் பெண்கள், அவளிடமே கம்பி பிடிக்கக் கற்றவர்கள். சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் அவர்கள் எண்ணும் சத்தம் கேட்டது. ஆரோக்கியமேரி கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

நடக்கும்போதுதான் அந்த இன்னொரு நினைப்பு வந்தது. வந்திருக்கவே கூடாத நினைப்பு. பிளேட்டை அவள் சரியாகத்தான் மாட்டியிருந்தால்? ஸ்டோரில் பேட்டரி வண்டி வேலைக்கு உள்ளே போய் வருகிறவன் சின்னராசு. கார் பைத்தியம் தலைக்கேறிக் கிடந்த ஆறு மாசம். நல்ல மோட்டார் ஒன்று சும்மா உட்கார்ந்திருப்பதைத் தினமும் பார்த்தவன். ஏன் அப்படித் தெர்ல, தெர்ல என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்? ஞாயிற்றுக்கிழமை பிளேட்டைத் துடைத்ததும் ஏன் அவன் சிரிப்பு நின்றது?

சீ, என்று அவள் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். அந்த நினைப்பு போகவில்லை. ஈ மாதிரி திரும்பத் திரும்ப வந்து உட்கார்ந்தது.

புதன்கிழமை சாயந்திரம் சோறு போடும்போது கேட்டுவிட நினைத்தாள். அவன் தட்டைப் பார்த்தபடியே, “நாளிக்கி நீ வராத மேரி. நீ எதுக்கு அங்க” என்றான்.

“ஏன் வரக் கூடாது?”

“வராதன்னா வராத.”

அவன் அப்படி அதட்டிப் பேசி அவள் கேட்டதே இல்லை. அவள் ரசத்தை ஊற்றினாள்.

வியாழக்கிழமை, சாட்சிப் பொருள் என்று காரையே கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். சின்னராசு அதை ஓட்டிக்கொண்டு போனான். அரை மணி நேரம் கழித்து ஆரோக்கியமேரி உளி, சுத்தியல், குறடு, வெட்டுக் கத்தி எல்லாவற்றையும் கோணிப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

டைம் ஆபீஸ் அறையில் பர்சனல் மேனேஜர், வீரராகவன், யூனியன் சார்பில் அரசப்பன் மூவரும் நாற்காலியில். சின்னராசு நின்றுகொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் அவன் முகம் செத்துப்போனது.

“நீ எதுக்கு வந்த?”

“பேச வந்தன்” என்றாள். மேனேஜரிடம் திரும்பினாள். “சார், ரெண்டு மோட்டாரும் என் கையாலதான் சுத்துனன். பிளேட்ட மாத்தி மாட்டனது நான். அவரு திருடல.”

வீரராகவன் சிரித்தார். “பொண்டாட்டி வேற என்னம்மா சொல்லுவ? இதுக்கெல்லாம் ஆதாரம் வேணும்.”

“ஆதாரம் உங்ககிட்டயே கீது சார். எரிஞ்ச மோட்டார ஏன் ஏலத்துல உட்டீங்கன்னு நீங்க எழுதின ரிப்போர்ட்ட எடுங்க. கேட் பாஸோட அதுவும் வந்துச்சி, நான் படிச்சன்.”

அரசப்பன் அதைத் தேடி எடுக்கச் சொல்லி வற்புறுத்தினார். கோப்பு வந்தது. மேனேஜர் சத்தமாகப் படித்தார். ஆர்மேச்சரில், அதாவது மோட்டாருக்குள் சுழலும் இரும்பு உருளையில், கம்பி உட்காரும் ஸ்லாட் ஒன்றின் அடியில் இரும்பே உருகிக் குழி விழுந்திருக்கிறது. மீண்டும் சுற்றிப் பயனில்லை. கழிக்கலாம். கீழே வீரராகவனின் கையெழுத்து.

“அந்தக் குழி இன்னும் அங்கதான் கீது சார். நான் காகிதம் வெச்சி அடச்சி, அது மேலதான் சுத்துனன். கார்ல இருக்கற மோட்டாருல அந்தக் குழி இருந்துச்சின்னா அது குப்ப மோட்டாரு. இல்லன்னா…” அவள் நிறுத்தினாள். “இல்லன்னா நீங்க சொல்றதுதான்.”

“வெளியிலேருந்து பார்த்தா தெரியுமா?” என்று கேட்டார் மேனேஜர்.

“தெரியாது சார். கம்பியெல்லாம் வெட்டி எடுக்கணும்.”

“வெட்டினா?”

“வெட்டினா போச்சி. வார்னிஷு இறுகிப் போயிருக்கும். ஒரு காயிலத் தூக்கணும்னா பக்கத்துல இருக்கறதெல்லாம் நாசமாவும். மறுபடி மொதல்லேர்ந்து சுத்தணும்.”

“மேரி, வேணாம்” என்றான் சின்னராசு. அது கெஞ்சலா, அதட்டலா என்று அவளுக்குப் புரியவில்லை. வேண்டாம் என்று ஏன் சொல்கிறான்? அந்த ஈ மறுபடி வந்து உட்கார்ந்தது.

மெயின்டெனன்ஸ் ஷெட்டில் காரை நிறுத்தி, சின்னராசுவே மோட்டாரைக் கழற்றினான். செயின் போட்டுத் தூக்கி, ஆர்மேச்சரை உருவி மரக்கட்டைமேல் கிடத்தினார்கள். டீ இடைவேளைக்கு வந்த ஆட்கள் கூடிவிட்டார்கள். இருபத்திரண்டு வருஷம் கூட வேலை பார்த்தவர்கள்தான், ஒருவரும் சின்னராசுவின் கண்ணைப் பார்க்கவில்லை.

தான் சுற்றியதைத் தானே வெட்டுவதற்கு ஆரோக்கியமேரி மண்டி போட்டு உட்கார்ந்தாள். தேன் நிறத்தில் வார்னிஷ் பளபளத்தது. ஒரு கம்பி இன்னொன்றின்மேல் ஏறவில்லை. இதைவிட நன்றாக அவள் எதையும் சுற்றியதில்லை, இனி சுற்றுவாளா என்பதும் தெரியாது.

“குழி இருக்கற ஸ்லாட்டு, தண்டுல சாவிப்பள்ளம் கீதே, அதுக்கு நேர் எதுர்ல” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். “அந்த எடத்துல நான் ஒரு குருத்தோல துண்டு வெச்சிருக்கன். போன வருசம் குருத்து ஞாயிறு அன்னிக்கிக் கோயில்ல மந்திரிச்ச ஓல. அடிபட்ட எடமாச்சேன்னு வெச்சன்.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவள் உளியை வைத்து அடித்தாள். முதல் அடியில் கை வழுக்கியது, இரண்டாவதில் செம்பு அறுந்தது. குறடால் பிடித்து இழுக்க, கம்பி சடசடவென்று உடைந்து வந்தது. காகிதத்தைக் கிழித்தாள். ஸ்லாட்டின் அடி வழவழவென்று சுத்தமாக இருந்தது. ஓலையும் இல்லை, குழியும் இல்லை.

வீரராகவன் கையைக் கட்டிக்கொண்டார்.

ஒன்று தள்ளி எண்ணியிருப்பேன் என்று அடுத்ததை வெட்டினாள். அதுவும் சுத்தம். உளி விரலைப் பதம் பார்த்தது. முந்தானையில் துடைத்துக்கொண்டு மூன்றாவதை வெட்டினாள். கம்பியை இழுத்தாள், காகிதத்தைக் கிழித்தாள்.

ஒன்றுமில்லை.

அவள் கை நின்றது. தலையைத் தூக்கிச் சின்னராசுவைப் பார்த்தாள். அவன் இரும்புத் தூணில் சாய்ந்து நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். எத்தனை நேரம் அப்படிப் பார்த்தாள் என்று அவளுக்கே தெரியாது. எடுத்துட்டியாய்யா என்று அவள் வாய் கேட்கவில்லை. கண் கேட்டுவிட்டது.

“போதும்மா. எழுந்திரு” என்றார் மேனேஜர்.

“இன்னும் ஒண்ணு சார்” என்றார் அரசப்பன். “ஒண்ணே ஒண்ணு. அவங்க பொருளு, அவங்க வெட்டறாங்க. உங்களுக்கு என்ன நஷ்டம்?”

நாலாவதை அவள் வெட்டியது நம்பிக்கையில் அல்ல. பாதியில் எழுந்திருக்க வெட்கமாக இருந்தது, அதனால் வெட்டினாள். கம்பி வந்தது. காகிதத்தோடு ஒட்டிக்கொண்டு, வார்னிஷ் குடித்துப் பழுப்பேறிய ஒரு ஓலைத் துண்டு வந்தது, சுண்டு விரல் நகத்தளவு. அதற்குக் கீழே, வெல்லப்பாகு உருகி உறைந்தது போல இரும்பில் ஒரு கறுத்த குழி.

அவள் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டாள்.

மேனேஜர் குனிந்து பார்த்தார். ரிப்போர்ட்டைப் பார்த்தார். வீரராகவனையும் பார்த்தார். வீரராகவன் கைக்குட்டையால் அந்தக் குழியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தும் அது போகவில்லை. ஒரு மணி நேரத்தில் வேலை நீக்க உத்தரவு ரத்தானது. ஆனால் வீரராகவன் சும்மா போகிறவர் அல்ல. நம்பரை மாற்றி மாட்டும் பட்டறைக்கு இனி ஆறு மாசத்துக்கு மோட்டார் அனுப்ப முடியாது என்று மேனேஜரிடம் அப்போதே எழுதி வாங்கிக்கொண்டார். அது நியாயம்தான், அவளால் மறுத்துப் பேச முடியவில்லை. டைம் ஆபீஸ் போனிலிருந்து ஆதிநாராயணனுக்குச் சொன்னாள். அவர், “சரி மேரி. கொஞ்ச நாளு நீ வர வேணாம்” என்று தாழ்ந்த குரலில் சொல்லி வைத்துவிட்டார்.

மோட்டார் இல்லாத கார் ஓடாது. டிக்கியில் எஞ்சின் ஜம்மென்று ஓடும், பேட்டரியெல்லாம் நிரம்பும், வண்டி மட்டும் ஓர் அடி நகராது. வெட்டுப்பட்ட ஆர்மேச்சரைக் கோணியில் சுற்றிப் பின் சீட்டில் வைத்துக்கொண்டு, வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். கம்பெனி கேட் வரை நாலைந்து பேர் கை கொடுத்தார்கள், இப்போது எல்லோருமே சின்னராசுவின் கண்ணைப் பார்த்துப் பேசினார்கள். கேட்டுக்கு வெளியே அவர்கள் இருவர்தான். அவன் கதவோரம் நடந்தபடி ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துத் தள்ளினான். அவள் பின்னாலிருந்து தள்ளினாள். அவன் முதுகுதான் அவளுக்குத் தெரிந்தது.

“நம்பரு மாறி கீதுன்னு உனுக்கு எப்பய்யா தெரியும்?” என்று கத்திக் கேட்டாள்.

“மாட்டுன அன்னிக்கே.”

“அன்னிக்கேவா? ஏன்யா என்னாண்ட சொல்லல?”

“சொன்னா உன் மூஞ்சி தொங்கிப்பூடும். ஸ்டோர்ல போய் பிளேட்ட நானே மாத்திடலாம்னு பாத்தன். அத்த எப்பவும் பூட்டியே வெச்சிருந்தாங்க. அப்பறம் உட்டுட்டன்.”

“அதான் தெர்ல தெர்லன்னியா?”

“இன்னான்னு சொல்லச் சொல்ற? எம் பொண்டாட்டி மாத்தி மாட்டிட்டான்னா? என்னத் திருடன்னா பேசிட்டுப் போவட்டும். மேரி கை தப்பிடிச்சின்னு ஆச்சின்னா உனுக்கு எவன் மோட்டாரு குடுப்பான்? இப்ப பாரு, அதான் ஆச்சி.”

அவளுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. “பைத்தியமாய்யா நீ!” என்றாள். இரண்டு நாளாகத் தான் நினைத்துக்கொண்டிருந்தது என்ன, இந்த மனுஷன் நினைத்துக்கொண்டிருந்தது என்ன என்று எண்ணும்போது அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. அதைச் சொல்லிவிடலாமா வேண்டாமா என்று அவள் தவித்துக்கொண்டிருக்கும்போதே அவன் பேசினான். திரும்பிப் பார்க்காமல் பேசினான்.

“மூணாவது ஸ்லாட்டுல உன் கை நின்னுடிச்சே.”

சக்கரம் சரளைக் கல்லில் நெறுநெறுவென்று உருண்டது.

“எம் மூஞ்சிய பாத்தியே மேரி.”

“பாத்தன்யா” என்றாள். பொய் சொல்ல வாய் வரவில்லை. “ஒரு நிமிசம்.”

“தெரியும், ஒரு நிமிசந்தான்.” அவன் தோளால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். “அந்த வீரராகவன் மூணு நாளா திருடன் திருடன்னான். அது எனுக்கு ஒண்ணுமே வலிக்கல.”

கொஞ்ச தூரத்தில் ரயில்வே கேட் மேடு வந்தது. “மேடு ஏறுது, நல்லா தள்ளு” என்றான். அவள் தோளைக் கொடுத்துத் தள்ளினாள்.